நடுவயதில் வேகமெடுத்த பாக்டீரியாக்கள்

செமினாருக்கு முந்தைய நாள் சாயங்காலம் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அப்பா ஒரு மெசேஜ் போட்டார். தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும், யார் வண்டி யார் பார்க்கிங்கில் நிற்கிறது, லிஃப்ட் ஏன் மறுபடி நின்றது, இவ்வளவுதான் மேடவாக்கத்தில் அந்தக் குழுவின் உலகம். அதில் போய் அப்பா எழுதியிருந்தார்: 'என் மகன் பாக்டீரியாவின் வளர்ச்சி குறித்து ஒரு புதிய உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறான். நாளை தாம்பரத்தில் அவன் கல்லூரியில் விஞ்ஞானிகள் முன்னிலையில் பேசுகிறான். உங்கள் அனைவரின் ஆசி தேவை.'

கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கைதட்டல்கள், பூங்கொத்துகள், யாரோ தெரியாமல் அழுத்திவிட்ட ஒரு பிறந்தநாள் கேக். செக்ரெட்டரி அங்கிள் மட்டும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார்: 'தம்பி, நம்ம சம்ப் தொட்டித் தண்ணில பாக்டீரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துச் சொல்ல முடியுமா?'

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாகப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நான் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர். புராஜெக்டில் எங்கள் குழு என்றால் மொத்தம் ரெண்டு பேர். நானும், கோவளத்திலிருந்து வரும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் விடிவதற்கு முன்பே எழுந்து, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, வண்டலூர் சுற்றிக்கொண்டு தாம்பரம் வந்து சேர்வாள். நான் மேடவாக்கத்தில் ஏறி கேம்ப் ரோட்டில் இறங்குகிறவன். தினமும் லேட்டாக வருவது நான்தான்.

எங்கள் கைடு மேடம் கொடுத்த கேள்வி கேட்பதற்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஒரு பாக்டீரியா ரெண்டாகப் பிரிகிறது, அது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பிரிவதற்கு முன்னால் அது வளர வேண்டுமே! எங்கள் பாக்டீரியா குச்சி வடிவம். தடிமன் மாறாது, நீளம் மட்டும் கூடிக்கொண்டே போகும். பிறந்தபோது இருந்த நீளம் ஏறக்குறைய ரெண்டு மடங்கானதும் நடுவில் சுவர் எழும்பி ரெண்டு குச்சியாகும். பிறப்புக்கும் பிரிவுக்கும் நடுவே அது எந்த மாதிரி வளர்கிறது? ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே வேகத்திலா? இல்லை, பெரிதாகப் பெரிதாக வேகமும் கூடுமா?

ரெண்டுக்கும் நியாயம் உண்டு. எங்கள் தெருவில் எழும்பும் அப்பார்ட்மென்ட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய தளத்திலேயே இன்னும் கொஞ்சம் வேலையாட்கள் வந்து தங்கி, அவர்களும் சேர்ந்து அடுத்த தளத்தைக் கட்டினால் வேலை மேலே போகப் போக வேகமாகும். செல்லும் அப்படித்தான், வளர்ந்த உடம்பில் உடம்பைக் கட்டும் சாமான்களும் அதிகம். அப்படியென்றால் வரைபடத்தில் கோடு மேல்நோக்கி வளையும். இல்லை, வேலையாட்கள் எண்ணிக்கை மாறாமல் இருந்தால் கோடு நேராகப் போகும்.

பிரச்சினை என்னவென்றால், ஒன்று ரெண்டாகும் அந்தச் சின்னத் தூரத்துக்குள் நேர்கோட்டுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள இடைவெளி, அதிகம் விலகியிருக்கும் இடத்திலேயே, நூற்றுக்கு ஆறு பங்குதான். எங்கள் கேமராவில் அது ரெண்டு மூணு புள்ளி. கண்ணை ஒருதரம் சிமிட்டினால் தொலைந்துவிடும். அதனால்தான் பெரிய பெரிய ஆட்களே இதில் ரொம்ப காலம் மல்லுக்கட்டினார்கள் என்று மேடம் சொன்னார்.

"விடை கிடைக்காட்டியும் பரவால்லப்பா. ஒழுங்கா அளக்கக் கத்துக்கிட்டா போதும்" என்பது மேடம் சொன்னது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விடை கிடைக்காத புராஜெக்டை வைத்துக்கொண்டு நான் என்ன கெத்து காட்டுவது?

மைக்ராஸ்கோப் வேறொரு டிபார்ட்மென்ட்டுடையது. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேல் தளத்தில் ஒரு குட்டி ரூம். காலை பதினொன்றிலிருந்து ரெண்டு மணி வரை எங்கள் நேரம். கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய ஜெல்லித் துண்டு, ஜெல்லிக்குள் பாக்டீரியாவுக்கு வேண்டிய சாப்பாடு, அதன் மேல் ஒரு சொட்டு பாக்டீரியா, மேலே மூடி. ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே இருப்போம். எந்தக் குச்சி எங்கள் கண்ணெதிரே ரெண்டாகிறதோ அந்தப் பிள்ளைகள் ரெண்டையும் குறித்துக்கொள்வோம். பிறந்த நேரம் துல்லியமாகத் தெரிந்த செல்களை மட்டுமே அளப்பது எங்கள் கொள்கை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. பதினொன்றேகால் வாக்கில் பிறந்தவை, அவ்வளவுதான் லிஸ்ட். லேட்டாகப் பிறந்ததை நாங்கள் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அது பிரிவதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிடும்.

கேமரா தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். ஃபோகஸ் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் ரூமைப் பூட்டிவிட்டு கேன்டீனுக்குப் போவோம். திரும்பி வரும்போது ஸ்க்ரீனில் ஒவ்வொரு பிள்ளையும் நீண்டு, இடுப்பு ஒடுங்கி, பிரியத் தயாராக இருக்கும். அப்புறம் அவள் உட்கார்ந்து படம் படமாக ஒவ்வொரு செல்லின் நீளத்தையும் அளப்பாள். நானும் அளப்பேன், ஆனால் பத்து நிமிஷத்தில் எனக்குக் கழுத்து வலிக்கும்.

அவள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடா இது, பாதில வேகம் எடுக்குது?"

நான் எட்டிப் பார்த்தேன். கோடு நேராக வந்து, பாதி வழியில் ஒரு முட்டியை மடக்கியது மாதிரி திரும்பி, செங்குத்தாக ஏறியது. அடுத்த செல், அதே மாதிரி. முந்தைய நாள் எடுத்தது, அதற்கும் முந்தையது, எல்லாவற்றிலும் அதே முட்டி. நேர்கோடும் இல்லை, வளைகோடும் இல்லை. ரெண்டு வேகம். செல் தன் வாழ்க்கையின் பாதியில் ஏதோ முடிவெடுத்து கியர் மாற்றுகிறது!

"மச்சான், நாம சாதிச்சிட்டோம்டி!" என்று நான் கத்தியதில் பக்கத்து ரூமிலிருந்து யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள்.

"கத்தாத. எல்லாமே ஒரே மாதிரி எப்டிடா திரும்பும்? நமக்கு எதுவும் இவ்ளோ க்ளீனா வந்ததே இல்லியே."

"டி.என்.ஏ.வைக் காப்பி எடுத்து முடிச்சதும் ரெண்டு செட் வந்துடுதுல்ல? அதான் வேகம் டபுள் ஆகுது. சிம்பிள்."

"அந்த நேரத்துல ஃபோகஸும் கொஞ்சம் கலங்குது, பாத்தியா?"

"ஜெல்லி காயுது. விடு."

அவள் விடவில்லை. ரெண்டு நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தாள். "ஒரே ஒருதரம் மதியத்துல ஒரு படம் எடுத்துப் பாக்கலாம்டா. ரெண்டு மணிக்கு மேல ஸ்கோப் சும்மாதான் கீது. அஞ்சரைக்குள்ள முடிஞ்சிடும்."

"அஞ்சரைக்குக் கெளம்பினா கேம்ப் ரோடு ஜாம்ல நான் வீடு போய்ச் சேர ஏழு ஆகும்."

"நான் கோவளம் போறேன்டா. உனக்கு மேடவாக்கம்."

"கிடைச்சதை வச்சிப் பேசலாம். எதுக்கு நோண்டற?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். இப்போது அந்தப் பார்வையை நான் தினமும் எதிலாவது பார்க்கிறேன். கேம்ப் ரோட்டில் நிற்கும் பஸ் கண்ணாடியில்கூட.

செமினாருக்கு வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி வருவதாக ஏற்பாடு. அவர் லேபில் ஒரே ஒரு புராஜெக்ட் வேலை காலியாக இருந்தது. தனித்தனி செல்களைப் படம் பிடித்து அளக்கிற வேலை, எங்கள் புராஜெக்ட் மாதிரியே. "நல்லா அளக்கிற பொண்ணு ஒண்ணு இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். பேசறதைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்னாங்க" என்று மேடம் அவளிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஓ.எம்.ஆரில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் அவளுக்கு ஏற்கெனவே வேலை கிடைத்திருந்தது. எங்கள் ஊரில் பயாலஜி படித்தவர்கள் பாதிப் பேர் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைத் தட்டுகிற வேலை. செமினார் முடிந்த அடுத்த திங்கள்கிழமை சேர வேண்டும். "ஒரு ஆராய்ச்சி வேலை கைல கிடைச்சா வூட்ல ஒத்துப்பாங்க. வெறுங்கையோட போய் நின்னா எங்க அண்ணன் விடமாட்டான்" என்றாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் அவசரமில்லை. அப்பா இருக்கிறார், ஹாலில் ஏசி இருக்கிறது.

அப்படியிருந்தும் செமினாரில் பேசப் போவது நான் என்று நானே முடிவு செய்தேன்.

"நீ பேசினா யாருக்கும் காது கேக்காது. நான் பேசறேன், நீ பக்கத்துல நின்னு ஸ்லைடு மாத்து. ரெண்டு பேர் பேரும் இருக்குல்ல?"

"கேள்வி கேட்டா?"

"எல்லாத்துக்கும் நான் பதில் வச்சிருக்கேன்."

"உன் வாய் இருக்கே" என்றாள். சிரித்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை செமினார் ஹாலில் மூன்றாவது வரிசை வரை நிரம்பியிருந்தது. கடைசி வரிசையில் ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அரை நாள் லீவு போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவேயில்லை. கண்ணில் பட்டதும் கையை ஆட்டினார். நான் தெரியாத மாதிரி லேப்டாப்பைக் குடைந்தேன்.

வந்திருந்த விஞ்ஞானி எங்களை விட பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். காட்டன் குர்தா, முதுகில் மாட்டும் பை. பெரிய கண்ணாடியும் நரைத்த தலையுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்த எனக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து வெளுத்து வாங்கினேன். "இத்தனை நாளா நேர்கோடா வளைகோடான்னு சண்டை. ரெண்டுமே இல்லைன்னு எங்க செல்லுங்க சொல்லுது" என்று நான் சொன்னபோது ஜூனியர் பசங்க விசிலடித்தார்கள். முட்டி மடங்கிய அந்தக் கோட்டை ஸ்க்ரீன் முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினேன். தலைப்பு: 'நடுவயதில் வேகம் பிடிக்கும் பாக்டீரியா'.

கைதட்டல் அடங்கியதும் அவர் கையைத் தூக்கினார். குரலில் எந்த எகத்தாளமும் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"ரொம்ப அழகா அளந்திருக்கீங்க. ஒண்ணு கேக்கணும். இந்த செல்லெல்லாம் எத்தனை மணிக்குப் பிறந்தது?"

"எல்லாமே பதினொன்னேகால் பக்கத்துல மேடம். அதுல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

ஹாலில் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

"சரி. அப்ப இந்தத் திருப்பம் வர்றப்போ மணி என்ன இருக்கும்?"

"பன்னண்டேகால், பன்னண்டரை மேடம்."

"தினமுமா?"

"தினமும் மேடம். அவ்ளோ கரெக்டா வருது."

"அந்த நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"கேன்டீன்ல மேடம்" என்றேன். இந்த முறை ஹால் மொத்தமும் சிரித்தது. அந்த உற்சாகம் எனக்கு ஏறிவிட்டது. கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "ரூம்ல யாரும் இருக்க மாட்டோம் மேடம். லைட், ஏசி எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, பூட்டிட்டுதான் போவோம். காலேஜ் கரென்ட்டைக்கூட நாங்க வேஸ்ட்..."

பண்ண மாட்டோம் என்று முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, மைக்கில் என் மூச்சு கேட்டது.

சித்திரை வெயில். மொட்டை மாடிக்குக் கீழே ஒரு ரூம். ஏசியை நிறுத்திப் பூட்டினால் கொஞ்ச நேரத்தில் அது அடுப்பு மாதிரி ஆகிவிடும். சூடு ஏறினால் பாக்டீரியா வேகமாக வளரும், இது முதல் வருஷப் புத்தகத்தில் முதல் பாடம். எங்கள் செல்கள் நடுவயதில் எந்த முடிவும் எடுக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்ததால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் நடுவயது வந்தது, அந்த நேரம் பார்த்து நான் தினமும் ஏசியை அணைத்தேன். ஃபோகஸ் கலங்கியதும் அதே சூட்டில்தான். செல்லின் ரகசியம் என்று நான் ஸ்க்ரீன் முழுக்கப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது என் கட்டைவிரலை.

அந்தக் கட்டைவிரலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் வீட்டில் ரூமை விட்டு வெளியே வருகிறவன் சுவிட்சைத் தட்டாமல் வந்தால் அம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்கும். "யாருக்குடா ஃபேன் ஓடுது? செவுத்துக்கா?" இதைக் கேட்டுக் கேட்டு, கதவைத் தாண்டும்போது என் கை தானாகச் சுவருக்குப் போகும். போனது எனக்கே தெரியாது. நாங்கள் என்னென்ன செய்கிறோம் என்று செய்முறை எழுதினோமே, ஜெல்லியின் தடிமன் வரை எழுதினோமே, அதில் இதை எழுதவில்லை. மூச்சு விட்டோம் என்று யாராவது எழுதுவார்களா?

ஹால் இன்னும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு முன் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொருவராகப் புரிந்து சிரிப்பு நின்றது. நிற்கிற சிரிப்பு, சிரிக்கிற சிரிப்பை விட ரொம்பச் சத்தமானது. எங்கள் மேடம் மடியில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

பக்கத்தில் ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தவள்தான் கடைசியில் பேசினாள். மைக் இல்லாமல், கணீரென்று. காது கேட்காது என்று நான் சொன்ன அதே குரல்.

"ஆமா மேடம். பன்னண்டேகாலுக்கு ஏசி ஆஃப் பண்ணுவோம். அந்தத் திருப்பம் ரூம் சூடாலதான் வந்திருக்கணும். செல்லோட வயசுனால இல்ல."

"மதியத்துல ஆரம்பிச்சு எடுத்த படம் ஏதாவது இருக்கா? ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். ஏசி மாறாம இருந்தா கோடு எப்படிப் போகுதுன்னு பாத்துடலாம்."

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இல்ல மேடம். எடுக்கல" என்றாள். ஏன் எடுக்கவில்லை என்று சொல்லவில்லை.

டீ இடைவேளையில் அந்த விஞ்ஞானி அவளிடம் போய்ப் பேசினார். நான் சமோசா தட்டை வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்டதில் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அளக்கிற கை நல்லா இருக்கு. ஒரு சரியான படத்தோட வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா? அதுக்கப்புறம் நான் ஆளை முடிவு பண்ணியாகணும்."

வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் அந்த ரூமில் வேறு வகுப்புக்கு பிராக்டிகல் எக்ஸாம். எங்கள் மேடம் போய்ப் பேசி, சனிக்கிழமை காலை வாங்கிக்கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நானும் கேட்டிருக்கணும்ப்பா" என்று மட்டும் சொன்னார். ரெண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். சேலையூர் தாண்டி சிக்னலில் நின்றபோது அவர் ஹெல்மெட்டை லேசாகத் திருப்பினார்.

"எதுக்குடா எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க? ஏசியை ஆஃப் பண்றது நல்ல பழக்கம்தானே?"

நான் சிக்னலில் இறங்கிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தேன்.

"அந்த அம்மா அதுக்கப்புறம் ஏதோ கேட்டாங்களே. திருப்பம், கோடுன்னு சொன்னது எனக்குப் புரியல. ஆனா நீ பேசினது சூப்பர். மைக்கே தேவையில்ல உனக்கு."

"அப்பா, அது தப்பாயிடுச்சுப்பா."

"எது?"

"எல்லாமே. கண்டுபிடிப்பு கிண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "சரி விடு, அடுத்தவாட்டி பாத்துக்கலாம்" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் சொல்கிற மாதிரி. ராத்திரி சாப்பிடும்போது அவர் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. குழுவில் போட்டிருந்தார்: 'உங்கள் ஆசியால் இன்று மிகச் சிறப்பாகப் பேசினான்.' கீழே எனக்கே தெரியாமல் எடுத்த போட்டோ. மைக்கைப் பிடித்தபடி நான், எனக்குப் பின்னால் ஸ்க்ரீனில் முட்டி மடங்கிய அந்தக் கோடு. அதை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் செக்ரெட்டரி அங்கிள், "என்ன சயின்டிஸ்ட், நம்ம சம்ப்?" என்கிறார்.

சனிக்கிழமை அவளுக்கு முன்னால் நான் போய் நின்றேன், வாழ்க்கையில் முதல்முறையாக. மன்னிப்புக் கேட்பதற்கு பஸ்ஸில் வரும்போதே பெரிய டயலாக் தயாரித்து வைத்திருந்தேன். அவள் படியேறி வந்தாள், மூச்சு வாங்க சுவிட்ச் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லவேளை, நீ கேஸ் அடுப்பு எதுவும் ஆன் பண்ணிட்டுப் போவல. இல்லன்னா நாம பாக்டீரியாவுக்கு ஜுரம் வருதுன்னு பேப்பர் எழுதியிருப்போம்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கிண்டலுக்கு என்ன சொல்வது?

"சாரிடி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"ஜெல்லியை ஊத்து. டைம் ஆவுது."

ஏசி சுவிட்ச் மேல் வெள்ளை டேப்பைக் குறுக்காக ஒட்டினாள். ஒருவர் ரூமில் இருக்க, ஒருவர் போய்ச் சாப்பிட்டு வருவது என்று ஏற்பாடு. அவளை முதலில் அனுப்பிவிட்டு நான் ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்தேன். அத்தனை நாள் அந்தப் புராஜெக்ட் செய்தும், பன்னிரண்டேகாலுக்கு ஒரு பாக்டீரியா என்ன செய்கிறது என்று நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். ஒன்றுமே செய்யவில்லை. கியர் மாற்றவில்லை, முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தை விட ஒரு இம்மி நீளம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது வளர்வது தெரியாது, கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியும். ரொம்ப நேரம் கழித்து நடுவில் ஒரு ஒடுக்கம், அது மெதுவாக இறுகி, ஒன்று ரெண்டாயிற்று. அவ்வளவு அமைதியான விஷயத்துக்கு நான் விசில் வாங்கியிருக்கிறேன்.

அவள் திரும்பி வந்தாள். என் முறை. எழுந்தேன், கதவைத் தாண்டினேன்.

"டேய்!"

என் கை சுவரில் இருந்தது. விரல் டேப்பின் மேல். அவள் கத்தியிருக்காவிட்டால் டேப்போடு சேர்த்து அழுத்தியிருப்பேன்.

"கையை பாக்கெட்ல போட்டுகினு போடா" என்றாள். போட்டுக்கொண்டு போனேன். கேன்டீனில் சாப்பாடு போடும் அண்ணா, "தனியா வந்திருக்கே? இன்னா, சண்டையா?" என்று கேட்டார். லெமன் சாதத்தைப் பாதியில் மூடிவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டில் உட்கார்ந்து அளந்தாள். பாதிப் படங்களை எனக்கு அனுப்பினாள், கழுத்து வலித்தாலும் அளந்தேன். முட்டி இல்லை. கோடு எங்கேயும் மடங்காமல் போனது. லேசாக வளைகிற மாதிரி இருந்தது, ஆனால் இத்தனை செல்லை வைத்துக்கொண்டு அது வளைவா நேரா என்று அடித்துச் சொல்ல முடியாது. அவள் மெயிலில் அதையேதான் எழுதினாள்: திருப்பம் இல்லை, அதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை. அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாள். 'வளைவு போலத் தெரிகிறது' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று என் வாயில் வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன்.

திங்கள்கிழமை காலை பதில் வந்தது. படம் நன்றாக இருக்கிறது, இது முன்பே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வெள்ளிக்கிழமையே வேறொருவரை எடுத்தாயிற்று, அடுத்த இடம் எப்போது வந்தாலும் சொல்லி அனுப்புகிறேன் என்று மரியாதையாக எழுதியிருந்தார். அவள் அதை எனக்கு அனுப்பியபோது ஓ.எம்.ஆர் போகும் பஸ்ஸில் இருந்தாள். கழுத்தில் புது கம்பெனி அடையாள அட்டைக்கான கயிறு, அதை ஒரு போட்டோ எடுத்து, 'ஒரு சுவிட்ச் போர்டும் என் பக்கத்துல இல்ல, நிம்மதி' என்று எழுதியிருந்தாள். நான் டைப் செய்தேன், அழித்தேன், டைப் செய்தேன். ஒரு மதியம். ஒரே ஒரு மதியம் நான் ஜாமில் நின்றிருந்தால் போதும்.

இப்போது சனிக்கிழமைகளில் மைக்ராஸ்கோப்புக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். மேடம் ஏன் எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார். முடிகிற வாரம் அவளும் வருகிறாள், வாரம் முழுக்க நோய்களுக்கு எண் தட்டிவிட்டு, கண் சிவந்து. வராத வாரம் நான் தனியாக எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று. வெவ்வேறு நேரத்தில் பிறந்தவை. அடுத்த இடம் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் அவள் கையில் போதுமான செல்கள் இருக்க வேண்டும். நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. முக்கியமாக அப்பாவிடம், அவர் குழுவில் போட்டுவிடுவார்.

மதியப் படம் முடிந்து கிளம்பினால் கேம்ப் ரோட்டில் பஸ் ஊர்கிறது. வீட்டுக்குப் போக ஏழாகிறது. நான் சொன்னது அது ஒன்றுதான் சரி. களைத்துப்போய் ரூமுக்குள் போய் பையை வீசிவிட்டு வெளியே வருகிறேன். கை பாக்கெட்டில்.

"யாருக்குடா ஃபேன் ஓடுது?" என்று அம்மா கத்துகிறாள்.